ஆள் என்றால் எஞ்சின்

மாமாவின் சட்டையில் ஈத்தர் மணத்த முதல் நாள் ஒரு வியாழக்கிழமை. தோய்க்க எடுத்த சட்டையை அம்மா வாளிக்குள் போடாமல் முகத்துக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மணக்கச் சொன்னார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊசி போடுகிற இடத்து வாசம் என்று சொன்னேன். அம்மாவும் அதைத்தான் நினைத்திருந்தார் போலும்; என் மூக்கு அவருடைய மூக்குக்குச் சாட்சியாக வேண்டியிருந்தது.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு மாற்றலாகி வந்து, ஓர் அரசாங்கக் கந்தோரில் படம் வரைபவராக வேலை பார்த்தார். எங்கள் கோட்டர்ஸின் பின்னறைதான் அவருக்கு. வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. ஊரில் அவருக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். குறிப்புப் பொருந்திவிட்டது. பெண்ணின் தகப்பனுக்குச் சொல் கொடுத்தவர் அம்மா. தை பிறந்ததும் நாள் வைப்பதாக ஏற்பாடு. அதுவரைக்கும் தம்பியைப் பழுதில்லாமல் வைத்திருந்து ஒப்படைப்பது தன் பொறுப்பு என்று அம்மா எடுத்துக்கொண்டார். மலைநாட்டுக்கு வேலைக்கு வந்து மனம் மாறிப்போன யாழ்ப்பாணத்து வாலிபர்களின் கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. எல்லாக் கதையும் ஒரு சின்ன அறிகுறியில்தான் தொடங்கும். ஒருவர் திடீரென்று தலைக்கு வாசனை எண்ணெய் பூசினார். இன்னொருவர் சிங்களப் பாட்டு முணுமுணுத்தார். ஈத்தர் வாசம் இந்தப் பட்டியலில் அதுவரை இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் சந்தேகம் முற்றியது. கண்டி வீதியில் ஒரு டொக்டர் நடத்திவந்த ஆறு கட்டில் ஆஸ்பத்திரியின் வேலையாள் எதிரே வந்தான். மாமாவைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சார், ஆள் இப்ப எப்படிங்க?"

"முறிஞ்சு போச்சு. திரும்பவும் முதலிலை இருந்துதான்," என்றார் மாமா.

"அடடா. மிஸ்ஸிக்கிட்ட சொல்லவா?"

"சொல்லும். சனிக்கிழமை வாறன்."

மிஸ்ஸி என்றால் தாதி. மாத்தளையில் எந்த மொழிக்காரரும் தாதியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா ஒரு கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாதவர் போல நின்றார். ஓர் ஆள் இருக்கிறது. அந்த ஆளோடு இருந்தது முறிந்திருக்கிறது. முறிந்ததைத் திரும்பத் தொடங்கப் போகிறார்கள். நடுவில் ஒரு மிஸ்ஸி. மறுநாள் கந்தோரிலிருந்து வந்த அப்பாவுக்கு அம்மா இதையெல்லாம் ஒழுங்குபடுத்திச் சொன்னார். அப்பா பேப்பரை மடிக்காமலே, "கொஞ்சம் பொறுமப்பா. சந்தையிலை கேட்டதை வைச்சு வழக்குப் போடாதையும்," என்றார்.

அம்மா வழக்குப் போடவில்லை. என்னைப் போட்டார். சனிக்கிழமை மாமாவோடு நானும் போய்வர வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி வந்து சொல்ல வேண்டும், கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. மறக்காமலிருக்க ஒரு பழைய சதுரக் கோட்டுக் கொப்பியும் தந்தார். மாமாவுக்கு இதில் எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை. அவர் அவ்வளவு இலகுவாகச் சம்மதித்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் முதலில் போன இடம் ஆஸ்பத்திரி அல்ல. பஸ் நிலையத்துக்குப் பின்னால் லொறிகளின் உடைந்த உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை. அதன் பாஸ் தலைமுறை தலைமுறையாக மாத்தளையிலேயே இருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தவர். மாமா அவருடைய மேசையில் கைக்குட்டையை விரித்தார். உள்ளே தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஓர் எஞ்சின் இருந்தது. வெளியே வரிவரியாக அலுமினியத் தகடு, தலையில் ஒரு திருகாணி, முன்னால் விசிறி பூட்டும் தண்டு.

"ஆள் மறுகா காலை ஒடச்சிட்டாரா?" என்றார் பாஸ்.

நான் கொப்பியைத் திறந்து எழுதினேன்: ஆள் என்றால் எஞ்சின்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது மாமா அதை வாங்கியிருக்கிறார். விளையாட்டு விமானத்தில் பூட்டுகிற டீசல் எஞ்சின். மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய், ஈத்தர் மூன்றும் கலந்ததுதான் அதன் சாப்பாடு. ஈத்தர் இல்லாவிட்டால் பற்றாது. வாசத்தின் கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் எனக்குக் கிடைத்த உத்தரவு ஒரு நாளோடு முடிவதல்ல.

அந்த எஞ்சினுக்குள்ளே, மேலே ஏறி இறங்கும் பிஸ்டனையும் கீழே சுழலும் தண்டையும் இணைக்கிற ஒரு கை இருந்தது. அரைத் தீக்குச்சி நீளம். முறிந்து முறிந்து போனது அதுதான். துரையோடு வந்த கை முதல் மாதத்திலேயே முறிந்தது. புதிது எடுப்பிக்க வழியில்லை. வெளிநாட்டுச் சாமான் எதுவுமே வராத காலம். ஒரு லொறிப் பிஸ்டன் துண்டிலிருந்து பாஸ் வெட்டிக் கொடுத்தது இரண்டாவது. இப்போது கைக்குட்டையில் இரண்டாகக் கிடந்தது அதுதான்.

பாஸ் கண்ணாடி வில்லையை வைத்து முறிந்த இடத்தைப் பார்த்தார். "இது வார்த்த சாமான் தம்பி. சூட்டுக்கு நிக்கும், இழுவைக்கு நிக்காது. பாருங்களேன், உள்ளுக்குச் சீனி மாதிரி ஈக்கிது." என்னையும் பார்க்கவிட்டார். உண்மையிலேயே சீனி போலத்தான் இருந்தது. பிறகு மேசைக்கடியில் துழாவி ஒரு பழைய தகட்டுத் துண்டை எடுத்தார். யுத்தக் காலத்து விமானம் ஒன்றின் மிச்சம், இரும்புக் கடைக்கு வந்தது என்றார். "இது அடிச்சு இறுக்கின சாமான். இதுல வெட்டுவோம். ஆனா அரத்தால கீறினது ஒண்டும் மிச்சம் ஈக்க ஏலா. கீறின எடத்துலதான் வெடிப்புத் தொடங்கும்."

அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மிஸ்ஸிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். நேரே பார்த்துப் பேசுவார், நீட்டிப் பேசமாட்டார். திறந்த போத்தல்களில் மிஞ்சும் ஈத்தரை நாள்பட வைத்திருக்க முடியாது என்பதால், மாமாவுக்குக் கொடுக்க டொக்டர் அனுமதித்திருந்தார்.

"இன்னைக்கு ரெண்டு அவுன்ஸ்தான் சார் இருக்கு."

"காணும் மிஸ்ஸி. ஆள் இப்ப குடிக்கிற நிலைமையிலை இல்லை."

மிஸ்ஸி முறிந்த துண்டுகளைச் சாடிக்குள் இருந்த சிறு இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கேட்ட கேள்வியை நான் அப்படியே எழுதிவைத்தேன். "எப்ப உடையுது சார்? ஓடுறப்பவா, ஓட்ட ஆரம்பிக்கிறப்பவா?"

மாமா விரலால் காற்றில் ஒரு தடவை சுழற்றிக் காட்டினார். "தொடங்கேக்கைதான். விசிறியைக் கையாலை சுழட்டேக்கை."

மிஸ்ஸி ஒரு கண்ணாடிச் சிரிஞ்சை எடுத்தார். காற்றை இழுத்து, நுனியை விரலால் அடைத்து, தண்டை அமுக்கினார். தண்டு உள்ளே போய்த் திரும்பி எழும்பியது. பிறகு தண்ணீர் இழுத்து அதே போல அமுக்கினார். தண்டு அசையவில்லை. "இதுக்கு மேல அமுக்கினா என் கையில கண்ணாடிதான் இருக்கும். காத்துன்னா விட்டுக் குடுக்கும், தண்ணி குடுக்காதுங்க. உங்க எஞ்சின்ல எண்ணெய் கூடிப் போயிருக்கும்போது சுத்துறீங்க. புதுசா வந்த பிள்ளைங்க இப்படித்தான் மாசம் ரெண்டு சிரிஞ்சு உடைக்குதுங்க. ஆனா ஒண்ணையும் ஒத்துக்க மாட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். எஞ்சின், சீனி, சிரிஞ்சு, எல்லாம். அம்மாவுக்கு எஞ்சினில் அக்கறை இல்லை.

"அவ சிரிச்சவவோ?"

"ஒருக்கா. சிரிஞ்சு உடைக்கிறதைச் சொல்லேக்கை."

"கொம்மான்?"

"மாமா சிரிக்கேல்லை. கடதாசியிலை எஞ்சின் கீறினவர்."

அம்மா பெருமூச்சு விட்டார். அது நிம்மதியா ஏமாற்றமா என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆறேழு கிழமைகள் மாமா அந்தக் கையை மினுக்கினார். கந்தோரால் வந்து தேத்தண்ணி குடித்ததும் யன்னலடியில் உட்காருவார். முதலில் சாதாரண அரத்தாள், பிறகு மெல்லியது, கடைசியில் பித்தளை மினுக்குகிற மாவும் துணியும். நீளவாட்டில் மட்டும்தான் தேய்ப்பார், குறுக்கே ஒரு தடவையும் இல்லை. துளைகளின் விளிம்பைத் தீக்குச்சி நுனியில் மாவைத் தொட்டு உருட்டி மழுக்கினார். கீழ்த் துளைக்குள் பாஸ் ஒரு வெண்கல வளையத்தை இறுக்கிப் பொருத்திக் கொடுத்தார். எண்ணெய் போக மயிரளவு துவாரம் ஒன்று. கடைசியில் அந்தக் கையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. பெண் வீட்டார் அனுப்பிய படத்தை மாமா ஒரு தடவைதான் பார்த்தார். இதையோ ஒரு நாளைக்கு இருபது தடவை பார்க்கிறார் என்று அம்மா குறைப்பட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் மாமாவின் பென்சில் பெட்டிக்குள் அம்மா ஒரு தடித்த ஊசியைக் கண்டுபிடித்தார். வயிற்றில் கட்டிய நீரை எடுக்கும் ஊசியின் உள்தண்டு, முனை முறிந்தது. ஒரு பெண் ஓர் ஆணுக்குக் கொடுக்கக்கூடிய பொருள்களில் இதுவும் ஒன்றா என்று அம்மா உண்மையாகவே யோசித்தார். நான்தான் விளக்கினேன். கை முறியாமல் நின்றுவிட்டதால், வேகத்தில் வந்த அடி முழுவதும் இப்போது பிஸ்டனுக்குள் குறுக்கே போகிற சின்ன ஆணிக்குப் போகிறது, அது வளைந்துவிட்டது, ஓர் உறுப்பைப் பலப்படுத்தினால் பக்கத்து உறுப்பு தன் பலவீனத்தைக் காட்டும் என்று பாஸ் சொன்னார், ஆணிக்கு நல்ல உருக்கு வேண்டும், கழித்துவிட்ட ஊசியை மிஸ்ஸி டொக்டரிடம் கேட்டே தந்தார். நான் சொல்லி முடித்ததும் அப்பா சிரித்தார். "உம்மட பொலிசுக்காரி உம்மை விடக் கெட்டிக்காரி. இனியாவது அவனை விடும்."

அன்றிரவே அம்மா ஊருக்குக் கடிதம் எழுதினார். தம்பியில் ஒரு பிழையும் இல்லை, கலியாண நாள் வைக்கலாம் என்று. அந்தக் கடிதத்துக்கு ஆதாரம் என் கொப்பி. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனாலும் சனிக்கிழமைகள் நிற்கவில்லை. பாடசாலை மைதானத்தில் பரிசோதனை தொடங்கியிருந்தது. எஞ்சினை மெல்லிய பலகையாலும் கடதாசியாலும் செய்த விமானத்தில் பூட்டி, இரண்டு நீளக் கம்பிகளின் மறுமுனையை மாமா கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். விமானம் அவரைச் சுற்றிப் பறக்க வேண்டும். புறப்படும் வரை அதன் வாலை யாராவது பிடித்திருக்க வேண்டும். பாஸுக்கு முழங்காலில் வாதம், குனிய முடியாது. எனக்குப் பலம் போதாது. ஓய்வு நாளென்றால் மிஸ்ஸி பிடித்தார். முதல் இரண்டு தடவையும் விமானம் ஒரு சுற்றுக்கூட முடிக்காமல் புல்லில் மூக்குக் குத்தியது. எஞ்சினுக்குச் சேதமில்லை. அப்போதெல்லாம் மாமா, "பிடியுங்கோ மிஸ்ஸி", "விடுங்கோ மிஸ்ஸி" என்பார். மிஸ்ஸி, "சரிங்க சார்" என்பார்.

மூன்றாவது சனிக்கிழமை எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து, தேங்கிய எண்ணெயை வடித்து, விசிறியை இரண்டு தடவை மெல்லச் சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மாமா மூன்றாந் தடவை வேகமாகச் சுழற்றினார். பற்றிக்கொண்டது. கிட்ட நிற்க முடியாத சத்தம். தலைத் திருகாணியைத் திருத்திவிட்டு நடுவுக்கு ஓடினார். அங்கிருந்து கத்தினார்:

"இறுக்கிப் பிடியும்! நான் கை காட்டினாப் பிறகு விடும்!"

"தெரியும்! நீங்க முதல்ல ஒழுங்கா நில்லுங்க!" என்று மிஸ்ஸி திருப்பிக் கத்தினார்.

விமானம் பறந்தது. மாமாவின் கைக்கடிகாரத்தை நான்தான் வைத்திருந்தேன். எண்ணெய் தீரும் வரை நான்கு நிமிடம் பத்து விநாடி. இறங்கியதும் பாஸ் அங்கேயே எஞ்சினைத் திறந்து, கையை வெளியே எடுத்து வில்லையால் பார்த்தார். "மயிரளவு வெடிப்பும் இல்லை தம்பி! வாங்க, பாருங்க!" மாமா வரவில்லை. நான்கு மாதம் பாடுபட்டவர், அதைப் பார்ப்பதற்குக்கூட வராமல் மைதானத்தின் அந்தப் பக்கம் மிஸ்ஸியோடு சேர்ந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவு அலட்சியமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது மாத்தளையில். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பிள்ளைகள் ஒன்றில் "வா" என்பார்கள், இல்லாவிட்டால் "வாங்க" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் "வாரும்", "இரும்" என்று யாழ்ப்பாணத்தில் ஒரு படி இருக்கிறது. கந்தோர் உத்தியோகத்தர்கள் தமக்குக் கீழே இருப்பவர்களோடு அப்படிக் கதைப்பார்கள். சந்தையில் அந்த வேலையாளோடு மாமா கதைத்ததும் அப்படித்தான். வீட்டுக்குள் என்றால் அப்படிக் கதைத்தவர் ஒரே ஒருவர். ஒன்பது வயதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: அது "வாங்கோ"வை விடக் குறைந்த மரியாதை. மிஸ்ஸியும் "சார்" என்ற சொல்லை விட்டுவிட்டார். ஆகவே இருவருக்கும் ஏதோ சண்டை. கொப்பியிலும் அப்படியே எழுதினேன். அம்மாவுக்கு இது சந்தோஷமான செய்தியாக இருக்கும் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மாமாவுக்கும் மிஸ்ஸிக்கும் கோபம் போலை."

"ஏன்?"

"மாமா அவவை மரியாதை குறைச்சுக் கதைச்சவர். முந்தி விடுங்கோ எண்டவர். இண்டைக்கு விடும் எண்டவர்."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"திரும்பச் சொல்லு. விடுங்கோவோ, விடுமோ?"

"விடும். பிடியும், விடும். அப்பா உங்களோடை கதைக்கிற மாதிரி."

அம்மா பாதித் தேங்காயைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்தால் திட்டுவார், திட்டவில்லை. சந்தோஷப்பட்டால் தலையைத் தடவுவார், அதுவும் இல்லை. நான் இன்னும் துல்லியமாகச் சொல்லவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, நான்கு நிமிடம் பத்து விநாடி என்பதையும் சொன்னேன்.

திங்கட்கிழமை ஊருக்குத் தந்தி போயிற்று. புதன்கிழமை பெரிய மாமா வந்து இறங்கினார். அவர்தான் குடும்பத்தில் மூத்தவர். பின்னறைக் கதவு இரண்டு மணிநேரம் பூட்டியிருந்தது. என்னை முற்றத்தில் விளையாடச் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை மட்டும் அம்மாவின் குரல் உயர்ந்தது. "நான் சொல் குடுத்தனான். ஒரு பெம்பிளைப் பிள்ளை அங்கை சீலை எடுத்துக்கொண்டு இருக்குது." மாமா என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய மாமாவோடு அவர் புறப்பட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் படலை வரை போய்விட்டார். எஞ்சின் யன்னலில் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமா அதைப் பார்த்தார், கையை நீட்டவில்லை. "வேண்டாம் பிள்ளை," என்றார்.

இரண்டு கிழமை கழித்து, அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம் மிஸ்ஸி வந்தார். வெள்ளை உடுப்பு இல்லாமல் சேலையில் வந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. படலைக்கு உள்ளே வரவில்லை.

"சார் இல்லீங்களா பாப்பா?"

"மாமா ஊருக்குப் போட்டார். தையிலை கலியாணம்."

மிஸ்ஸி தலையை ஆட்டினார். ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார் போலிருந்தது. திரும்பிப் போக இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார்.

"எஞ்சினைக் கொண்டு போனாங்களா?"

"இல்லை. உள்ளுக்கு இருக்குது."

அவருடைய முகம் மாறியது. நல்ல செய்தி கேட்டவர் போல. "விட்டுட்டா போனாங்க? அப்படின்னா எடுக்க வருவாங்க," என்றார், எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல்.

தவறான தகவலோடு ஒருவரை அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. "இல்லை மிஸ்ஸி. மறந்து போகேல்லை. நான் கொண்டு ஓடிப்போய்க் குடுத்தனான். வேண்டாம் எண்டவர்."

"அப்படியா சொன்னாங்க?"

"ஓம். அந்தச் சொல்லுத்தான்."

மிஸ்ஸி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு, "நல்லா படிங்க பாப்பா," என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துப் பக்கமாக நடந்தார். அவர் வளைவில் மறைந்த பிறகுதான், என்ன விஷயமாக வந்தார் என்று கேட்காமல் விட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் விட்ட பிழை அது ஒன்றுதான் என்று நினைத்தேன். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருந்தேன்.